கொழுப்பு போன வழி

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது. அரிசிச் சோற்றையும் சர்க்கரையையும் அடியோடு விட்டு, ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிட்டு, ஐந்து மாதத்தில் 11 கிலோ குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய். இரத்த அழுத்தம் இறங்கியிருப்பதையும், கால்சட்டைகளைத் தையற்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடிக்கச் சொன்னதையும் படிக்கச் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் பேச்சோடு பேச்சாக நீ எழுதிய ஒரு வரியை நான் நாலைந்து முறை திரும்பப் படித்தேன். தரையில் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் கையை ஊன்றித்தான் எழ முடிகிறது, வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம் நீளப் போகிறது. முதலில் நீ கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றைச் சொல்லாமல் மற்றொன்றை விளக்க முடியாது.

கரைந்த கொழுப்பெல்லாம் எங்கே போயிற்று, வியர்வையிலா, மலத்திலா, உடம்புச் சூடாகவா என்று கேட்டிருந்தாய். பெரும்பகுதி உன் மூச்சில் போயிற்று. 2014ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். மருத்துவர்கள், உணவியலாளர்கள், உடற்பயிற்சியாளர்கள் என 150 பேரிடம் அவர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, கொழுப்பு ஆற்றலாகவும் சூடாகவும் மாறிப் போய்விடுகிறது என்பதுதான் பெரும்பாலோர் சொன்ன விடை. சித்தூர்க் கல்லூரியில் முதலாண்டிலேயே நாம் படித்த பொருண்மை அழியா விதியை நினைத்துப் பார். வேதிவினையில் அணு எதுவும் காணாமல் போவதில்லை. நம் உடலில் சேரும் சராசரிக் கொழுப்பு மூலக்கூறு ஒன்றில் 55 கரி அணுக்களும் 104 ஹைட்ரஜன் அணுக்களும் 6 ஆக்சிஜன் அணுக்களும் இருக்கின்றன. அது முழுதும் எரிய 78 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். எரிந்து முடிந்தால் 55 கரியமில வாயு மூலக்கூறுகளும் 52 நீர் மூலக்கூறுகளும் கிடைக்கும். எடையாகப் பார்த்தால் 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. அதை எரிக்க 29 கிலோ ஆக்சிஜனை மூச்சில் இழுத்தாக வேண்டும். நீ உறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

முதல் வாரத்திலேயே மூன்று கிலோ இறங்கியது என்று பெருமையாக எழுதியிருந்தாய் அல்லவா, அதில் கொழுப்பின் பங்கு சொற்பம். கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் எப்போதும் இருப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியவுடன் முதலில் காலியாவது அந்த இருப்பு. அது போகும்போது பிடித்து வைத்த தண்ணீரும் சிறுநீரில் போய்விடுகிறது.

அதன் பிறகுதான் கொழுப்பின் முறை வருகிறது. இரத்தத்தில் இன்சுலின் தாழ்ந்தவுடன் கொழுப்பறைகளுக்குள் இருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு, ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பமிலங்கள் கோத்த அந்த மூலக்கூறைப் பிரித்து விடுகின்றன. எண்ணெய் தண்ணீரில் கலக்காதென்பதால் கொழுப்பமிலங்கள் ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு பயணம் செய்கின்றன. தசைச் செல்லுக்குள் போனாலும், எரிப்பு நடக்கும் உலையான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சுவரை நீளமான கொழுப்பமிலங்கள் தாமாகக் கடக்க முடியாது. கார்னிட்டின் என்ற சிறு மூலக்கூறு பரிசல்காரனைப் போல ஒவ்வொன்றாக ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டு மறுபடி இக்கரைக்கு வருகிறது. நம் ஊர்த் தேங்காயெண்ணெயில் உள்ள எட்டுக் கரி, பத்துக் கரி கொண்ட குட்டைக் கொழுப்பமிலங்களுக்கு இந்தப் பரிசல் தேவையில்லை. ஆனால் அந்த எண்ணெயில் அவை சிறுபான்மைதான், ஏறக்குறைய பாதி பன்னிரண்டு கரி கொண்ட லாரிக் அமிலம். அதைச் சொல்லாமல் தேங்காயெண்ணெயை மருந்தாகப் புகழ்கிறவர்களை நம்பாதே.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அந்த நீண்ட சங்கிலி எப்படி வெட்டுப்படுகிறது என்பதைக் கண்டறிந்த கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. வேலையிலிருந்த காலத்தில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் போவேன். 1904ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஃபிரான்ஸ் நூப் என்பவருக்கு, செல்லுக்குள் எட்டிப் பார்க்கக் கதிரியக்கத் தனிமங்களோ இன்றைய கருவிகளோ கிடையாது. அவர் செய்த உபாயம் எளிமையானது. கொழுப்பமிலச் சங்கிலியின் வால் நுனியில், உடலால் எரிக்க முடியாத ஒரு பென்சீன் வளையத்தை ஒட்டி, அதை நாய்களுக்கு ஊட்டி, அவற்றின் சிறுநீரில் என்ன வருகிறது என்று பார்த்தார். ஒரு கரும்பின் அடிக்கணுவில் சாயம் பூசிவிட்டு, நுனியிலிருந்து அதை வெட்டுகிறவனை நாம் பார்க்க முடியாத இடத்தில் விடுகிறோம் என்று வைத்துக்கொள். கடைசியில் வெளியே வந்து விழும் சாயத் துண்டில் எத்தனை கணு ஒட்டியிருக்கிறது என்பதைக் கொண்டே அவன் எப்படி வெட்டினான் என்று சொல்லிவிடலாம். சங்கிலியில் கரி அணுக்கள் ஒற்றைப்படையாக இருந்தபோதெல்லாம் சிறுநீரில் வந்தது, வளையத்தோடு ஒரு கரி ஒட்டிய பென்சாயிக் அமிலத்தின் சேர்மம். இரட்டைப்படையாக இருந்தபோதெல்லாம் வந்தது, இரண்டு கரி ஒட்டிய பினைல் அசிட்டிக் அமிலத்தின் சேர்மம். எவ்வளவு நீளமான சங்கிலியைக் கொடுத்தாலும் முடிவு இந்த இரண்டில் ஒன்றுதான். ஒவ்வொரு வெட்டிலும் இரண்டிரண்டு கரி அணுக்களாகத்தான் போகின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஒரு சொட்டுச் செல்லையும் பிழியாமல், வெளியே வந்த கழிவை வைத்தே உள்ளே நடந்ததை அவர் படித்த விதத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

பாமிட்டிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தில் 16 கரி அணுக்கள். ஏழு வெட்டில் எட்டுத் துண்டுகளாகிறது. அந்த இரண்டு கரித் துண்டுக்குத்தான் அசிட்டைல் கோ-ஏ என்று பெயர். சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸும் கடைசியில் இதே துண்டாகத்தான் ஆகிறது. பிறகு 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் ஷெஃபீல்டில் கண்டறிந்த சுழற்சிக்குள் அது நுழைகிறது. ஒரு சுற்றில் இரண்டு கரி அணுக்கள் உள்ளே போகின்றன. இரண்டு கரி அணுக்கள் கரியமில வாயுவாக வெளியே வருகின்றன. நீ மூக்கால் விடுவது இந்த வாயுவைத்தான். இந்த வரவு செலவை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

வழியெல்லாம் உருவிய ஹைட்ரஜனின் எலக்ட்ரான்கள் படிப்படியாக ஆக்சிஜனுக்குக் கைமாறும்போது, புரோட்டான்கள் ஒரு சவ்வுக்கு அப்பால் இறைக்கப்பட்டுத் தேங்குகின்றன. தேங்கியவை திரும்பி வழியும் வேகத்தில் ஒரு நுண் சக்கரம் சுழல்கிறது. கல்லூரிக் காலத்தில் சர்க்கார்பதி மின்நிலையத்தில் குழாய் வழியே இறங்கி வந்த பரம்பிக்குளம் தண்ணீரை வாய்பிளந்து பார்த்தோமே, அதே வேலைதான் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கிறது. பீட்டர் மிச்செல் 1961இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சக்கரம் ஒரு முறை சுழன்றால், செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் மூன்று தயாராகின்றன. அந்த ஏ.டி.பி.யைத் தசையில் கண்டறிந்தவர்களில் ஒருவர் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹார்வர்டு போன யெல்லாப்பிரகட சுப்பாராவ். 1929இல் அவரும் சைரஸ் ஃபிஸ்கேயும் ஒரு பக்கம், ஜெர்மனியில் கார்ல் லோமன் இன்னொரு பக்கம் என அதே ஆண்டில் அதை எட்டினார்கள். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இல்லாமல் போனது எனக்குப் பெரிய குறை. உடலில் எந்த நேரத்திலும் இருப்பில் உள்ள ஏ.டி.பி. சில நூறு கிராமுக்குள்தான். ஆனால் ஒரு நாளில் செலவாகி மீண்டும் உருவாவதைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடை வரும். ஒரு பாமிட்டிக் அமிலத்திலிருந்து 129 ஏ.டி.பி. என்று நாம் பரீட்சையில் எழுதினோம். இன்றைய கணக்கு 106. எப்படிப் பார்த்தாலும் கொழுப்பு நல்ல விறகுதான், ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி. மாவுப்பொருளும் புரதமும் 4தான்.

இனி உன் முழங்காலுக்கு வருகிறேன்.

போன வாரம் தோப்பில் முளைவிட்ட நெற்று ஒன்றை உரித்து உடைத்தேன். உள்ளே குழந்தையின் கைமுட்டி அளவுக்கு, வெளிர் மஞ்சளாக, பஞ்சு போல ஓர் உருண்டை இருந்தது. நாம் தேங்காய்ப்பூ என்போம், இங்கே மலையாளிகள் பொங்கு என்பார்கள். அதைச் சுற்றியிருந்த பருப்பு மெலிந்து கொழகொழத்துப் போயிருந்தது. பூவைக் கடித்தால் நல்ல தித்திப்பு. எண்ணெய் நிறைந்த பருப்பைத் தின்று வளரும் ஒன்றுக்கு இத்தனை இனிப்பு ஏது என்று பேத்தி கேட்டாள். எண்ணெய் வித்துக்களுக்கு ஒரு வித்தை தெரியும், அவை முளைக்கும்போது கொழுப்பைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும் என்று சொன்னேன். 1957இல் ஹான்ஸ் கார்ன்பெர்க்கும் கிரெப்ஸும் நுண்ணுயிர்களில் இந்தக் குறுக்குவழியைக் கண்டார்கள். அதே ஆண்டில் கார்ன்பெர்க்கும் ஹாரி பீவர்ஸும் முளைவிடும் ஆமணக்கு விதையில் அதைக் காட்டினார்கள். கிரெப்ஸ் சுழற்சியில் கரியமில வாயு வெளியேறும் இரண்டு படிகளையும் தாண்டிச் செல்ல இரண்டே இரண்டு நொதிகள் அவற்றிடம் கூடுதலாக இருக்கின்றன. அதனால் உள்ளே போன கரி மிச்சமாகிச் சர்க்கரை ஆகிறது.

நமக்கு அந்த இரண்டு நொதிகளும் இல்லை. கொழுப்பமிலத்திலிருந்து வந்த இரண்டு கரிக்கு ஈடாக இரண்டு கரி வெளியே போய்விடுவதால், நிகரமாகச் சர்க்கரை செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. கிளிசரால் மட்டும் குளுக்கோஸாக மாறும், அது சிறு அளவு. எத்தனை கிலோ கொழுப்பு இடுப்பில் இருந்தாலும், அதிலிருந்து வேண்டிய குளுக்கோஸைச் செய்துகொள்ள நம் உடலுக்கு வழியில்லை. ஆனால் குளுக்கோஸ் இல்லாமலும் முடியாது. எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது, நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸாக. கொழுப்பமிலங்களை அது எரிபொருளாக ஏற்பதில்லை. சிவப்பணுக்களுக்கோ மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது; அவற்றுக்குக் குளுக்கோஸை விட்டால் வேறு கதியில்லை.

ஆக, கிளைக்கோஜன் தீர்ந்த பிறகு கல்லீரல் எதைக் கொண்டு குளுக்கோஸ் செய்யும்? தசையைக் கொண்டுதான் செய்யும். மாவுப்பொருளுக்கும் கொழுப்புக்கும் உடலில் கிடங்கு இருக்கிறது, புரதத்துக்கு இல்லை. உள்ள புரதமெல்லாம் ஏதோ ஒரு வேலையில் இருக்கும் புரதம்தான். தசை தன் புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரித்து, பெருமளவு அலனைனாகவும் குளுட்டமினாகவும் இரத்தத்தில் விடுகிறது. கல்லீரல் அலனைனை வாங்கி, கரிப் பகுதியைக் குளுக்கோஸாக்கி, நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் கழிக்கிறது. அந்த யூரியா வழியைக் கண்டவரும் கிரெப்ஸ்தான், 1932இல், கர்ட் ஹென்சலைட்டோடு. 1960களில் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹில் என்ற மருத்துவரின் குழு, பல வாரங்கள் பட்டினி இருந்தவர்களை அளந்து பார்த்தது. பட்டினியின் தொடக்க நாட்களில் நாளொன்றுக்குச் சுமார் 75 கிராம் தசைப் புரதம் கரைகிறது. தசையில் நாலில் மூன்று பங்கு தண்ணீர் என்பதால், ஈரத்தோடு அது 300 கிராமுக்கு மேல். இது இப்படியே போனால் உயிர் வெகுநாள் தாங்காது. அதனால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. வாரங்கள் செல்லச் செல்ல மூளை தன் தேவையில் மூன்றில் இரண்டு பங்குவரை அவற்றால் நிரப்பிக்கொள்ளப் பழகுகிறது, தசை இழப்பும் நாளொன்றுக்கு 20 கிராம் புரதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. உன் வாயில் அழுகிய பழத்தைப் போல ஒரு வாடை அடிக்கிறது என்று உன் மனைவி, என் தங்கச்சி, சொல்வதாக எழுதியிருந்தாயே, அது கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன். இழப்பு குறைகிறதே தவிர நிற்பதில்லை என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும்.

நீ முழுப் பட்டினி கிடக்கவில்லை, அது தெரியும். ஆனால் நீ எழுதியிருந்த ஒரு வேளைச் சாப்பாட்டை, பொரியலும் கீரையும் இரண்டு தம்ளர் மோரும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும், நான் கூட்டிப் பார்த்தேன். புரதம் 30 கிராமைத் தாண்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் சொன்ன அளவு கிலோ எடைக்கு 0.83 கிராம், உன் 68 கிலோவுக்கு 56 கிராம். நம் வயதில் தசை புரதத்தை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை என்பதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை வேண்டும் என்று முதியோர் உணவை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். உன்னிடமிருந்து போன 11 கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தொடை எவ்வளவு என்று தராசு சொல்லாது. கையை ஊன்றி எழுகிறாய் என்ற வரி சொல்கிறது.

இதை நான் வீட்டில் பார்த்தவன். போன ஆடியில் என் மனைவிக்கு, உன் தங்கைக்கு, நிமோனியா வந்து 18 நாள் மருத்துவமனையில் இருந்தாள். கஞ்சி, இளநீர், ரஸ்க் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. காய்ச்சலும் அழற்சியும் இருக்கும்போது பட்டினியைவிட வேகமாகத் தசை கரையும். கீட்டோனுக்கு மாறிச் சிக்கனம் பிடிக்கும் வழியும் அப்போது சரியாக வேலை செய்வதில்லை. ஏழு கிலோ குறைந்திருந்தாள். எடை இறங்கியது நல்லதுதான், சர்க்கரை கட்டுப்படும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். புரதம் என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை, வேதியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த நானும் எடுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது, கல்யாணத்தில் போட்ட வளையல், சோப்புப் போட்டாலும் கழலாதது, தானாக நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுத்துக்கொடுக்கப் போன நான் அவள் முழங்கையைப் பிடித்தேன்; கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. முக்காலியில் உட்கார்ந்தால் நான் கைகொடுத்தால்தான் எழுந்தாள்.

பிறகு வேறோர் இடத்தில் பார்த்த இயன்முறை மருத்துவர்தான் வழி சொன்னார். காலையில் இரண்டு முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் முளைகட்டிய கொள்ளு, இரவில் பால். முட்டைக்கு 6 கிராம், ஒரு தம்ளர் பாலுக்கு 6 கிராம், 100 கிராம் கொள்ளுக்கோ துவரைக்கோ 22 கிராம் என்று சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினேன். அதோடு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, மூன்று வேளையும். உணவு மட்டும் போதாது. தசைக்குச் சுமை கொடுத்தால்தான் வந்த அமினோ அமிலங்கள் அங்கே தங்கிப் புரதமாகின்றன. சுமை இல்லாவிட்டால் அவையும் யூரியாவாகிப் போய்விடும்.

நீ விரதத்தை விட வேண்டாம். இரண்டு வேளையாக்கி, இரண்டிலும் பருப்போ முட்டையோ மீனோ தட்டில் முதலில் இருக்கும்படி பார்த்துக்கொள். கூட்டுவதற்கு முன் ஒருமுறை இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிடு. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கணக்கு மாறும், மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நடையை மட்டும் நம்பாதே, மாடிப்படி ஏறு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கு.

இன்னொன்றும் உடனே செய். கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று தங்கச்சியை எண்ணச் சொல். நம் வயது ஆணுக்கு 12க்குக் குறைந்தால் கால் தளர்ந்திருக்கிறது என்று பொருள். உன் தங்கைக்கு ஆவணியில் ஒன்றுகூட முடியவில்லை, நேற்று 13. வளையல் இன்னும் கொஞ்சம் தளர்ச்சிதான், ஆனால் பாத்திரம் கழுவும்போது விழுவதில்லை. உன் எண்ணிக்கையைக் கூட்டாமல் குறைக்காமல் அடுத்த கடிதத்தில் எழுது. அடுத்த வாரம் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகிறவரிடம் ஐந்து கிலோ கொள்ளு கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்.